பழைய நேரமா, புதிய நேரமா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டி நடைபெற்ற இணையவழிச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நூற்றாண்டு வேலைகளைத் தொடங்கிய முதல் கூட்டத்துக்கு வட்ஸ்அப்பில் அறிவித்தல் போட்டவள் நான்தான். "சனிக்கிழமை மாலை 7 மணி, சூம்" என்று எழுதினேன். கூட்டம் நல்லபடியாக முடிந்தது, படுத்துவிட்டேன். ஞாயிறு விடிய 4.30 மணிக்குத் தொலைபேசி அடித்தது. ரொறன்ரோவிலிருந்து என் வகுப்புத் தோழி. "அரை மணித்தியாலமாகக் காத்திருக்கிறேன், ஒருத்தியும் வரவில்லை. எங்கேயடி போனீர்கள் எல்லோரும்?" என்றாள். அவளுக்கு அப்போது சனிக்கிழமை மாலை 7 மணி தாண்டவில்லை. முன்கூட்டியே வந்து சாறியும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிழை அவளுடையதல்ல. "7 மணி" என்று எழுதிய நான், எந்த ஊர் 7 மணி என்று எழுதவில்லை. இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் என்னவென்றால், இந்த விடயத்தைக் கணினிக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இப்போது என் தொழிலின் ஒரு பகுதி. பல வருடம் வாட்டுகளில் வேலை செய்தபின் மருத்துவத் தகவலியல் படித்தேன். வைத்தியசாலைகளில் நோயாளர் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் குழுக்களில் வைத்தியராக இருந்து வருகிறேன். ஆகவே "கணினியும் மருத்துவமும்" என்று பேசக் கேட்டபோது, அந்தப் பெரிய தலைப்பில் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்: நேரமும் திகதியும்.

இந்தப் பாடத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் முதலில் படிக்கவில்லை. கிரானில் படித்தேன்.

1996ஆம் ஆண்டு நினைவிருக்கும் அக்காமார் இங்கே பலர் இருக்கிறீர்கள். மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மின்வெட்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தில் கை வைத்தது. மே 25ஆம் திகதி பிறந்த நள்ளிரவில் முள்ளை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னால் இழுத்தார்கள். கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்த நாடு முதலில் ஆறரைக்கும் பிறகு ஆறுக்கும் வந்தது. விடிந்தும் விடியாத இருட்டில் பாடசாலைக்கு வெளிக்கிட்ட அந்தக் காலைகளை விடுதிப் பிள்ளைகள் மறக்க மாட்டோம்.

ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே கடிகாரங்கள் ஐந்தரையிலேயே ஓடின. எங்கள் மாவட்டத்தில் எழுவான்கரை, படுவான்கரை என்று சொல்கிறோம். சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. சூரியனை வைத்துப் பெயர் வைத்த இந்த மண்ணில், கரைக்கொரு நேரம் என்று வாழ்ந்தோம். கிரானில் பெருந்தெருப் பக்கம் புதிய நேரம். தண்ணீரைக் கடந்து மேற்கே போனால் பழைய நேரம். யார் எந்த மணியைச் சொன்னாலும் அடுத்த கேள்வி, "பழைய நேரமா, புதிய நேரமா?"

1997இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் அக்கரையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். கடைசித் தோணி 5 மணிக்கு என்று தோணிக்காரர் சொல்லியிருந்தார். பெரியப்பா வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் 4.20க்கு வெளிக்கிட்டு, 4.40க்குத் துறைக்கு வந்தோம். தோணி இல்லை. தோணிக்காரர் இக்கரையில் குடியிருப்பவர். அவருடைய 5 மணி புதிய நேரம். எங்கள் 4.40 அவருக்கு 5.10. வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அன்று அப்பா கேட்கவில்லை.

இன்று கேட்டால் சிரிப்பு வரும். தொலைபேசி இல்லாத காலம். பொழுது பட்டபின் யாரும் நடமாடாத காலம். இக்கரையில் அம்மா, நாங்கள் வரவில்லை என்பதை மட்டும் அறிந்து, ஏன் என்று அறியாமல் விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். காலையில் எங்களைக் கண்டதும் அவர் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. அரை மணித்தியாலம் என்பது சின்ன விடயம் என்று யாராவது மென்பொருள் கூட்டத்தில் சொன்னால் எனக்கு அந்த வாசற்படிதான் ஞாபகம் வரும்.

2006 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த அந்த இரவில், நாடு மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. பத்து வருடத்துக்குப் பிறகு இரண்டு கரையும் ஒரே மணியைக் காட்டின. அமைதி வரவில்லை, நேரம் மட்டும் ஒன்றானது.

சரி, கணினிக்குள் இது எப்படி இருக்கிறது? பாடசாலையில் இப்போது கணினி படிக்கும் தங்கைமாருக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பல கணினிகள் நேரத்தை ஒரு எண்ணாகவே வைத்திருக்கின்றன. 1970 ஜனவரி 1ஆம் திகதி, உலகப் பொது நேரப்படி நள்ளிரவிலிருந்து இதுவரை எத்தனை விநாடி என்ற எண்ணிக்கை. இந்த எண் கிரானிலும் லண்டனிலும் ஒன்றுதான். இதை நான் "கணம்" என்று சொல்வேன். அந்தக் கணத்தில் உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எத்தனை மணி காட்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல, எந்த ஊர் எந்தக் காலத்தில் எத்தனை மணித்தியாலம் முன்பின்னாக இருந்தது என்ற பட்டியல் ஒன்று வேண்டும்.

அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. ஆதர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கி, பின்னர் போல் எகர்ட் என்பவர் தன்னார்வலர்களோடு பராமரித்து வரும் நேர வலயத் தரவுத்தளம். உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளும் அது இருக்கிறது. அதில் ஊர்ப் பெயரால்தான் வலயங்கள் இருக்கின்றன. இலங்கைக்கு "ஏசியா/கொலம்போ" என்று ஒரே ஒரு பதிவு. அதைத் திறந்து பார்த்தால் நம் நாட்டின் சரித்திரம் சில வரிகளில் இருக்கிறது. 1906இல் ஐந்தரை. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 ஜனவரியில் அரை மணித்தியாலம் கூட்டினார்கள், செப்டெம்பரில் இன்னும் அரை. 1945 ஒக்டோபரில் பழையபடி. பிறகு 1996, 2006. என் அப்பா 1944இல் பிறந்தவர். அவர் பிறந்தபோது நம் கடிகாரம் ஆறரையில் நின்றது என்பதை நான் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

ஆனால் 1996க்கும் 2006க்கும் இடையில் நம் ஆற்றுக்கு அக்கரை எந்த நேரத்தில் இருந்தது என்று அந்தப் பட்டியலின் கணக்கில் இல்லை. புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை என்ற செய்தி, கணக்குக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பைக் கணினி வாசிப்பதில்லை. மனிதர்தான் வாசிக்க வேண்டும்.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். அந்தப் பத்து வருடத்தில் அக்கரையில் பிறந்த பிள்ளைகள் இப்போது கலியாண வயதில் நிற்கிறார்கள். தாய் "காலை 6.10" என்கிறார். அது வீட்டில் மருத்துவிச்சி பார்த்த பழைய நேரம். சாதகம் கணிக்கும் மென்பொருளில் பிறந்த இடத்தையும் 2000ஆம் ஆண்டையும் கொடுத்தால், அது கொழும்பு வரியைப் பார்த்து ஆறு மணித்தியாலத்தைக் கழிக்கும். கழிக்க வேண்டியது ஐந்தரை. அரை மணித்தியாலத்தில் இலக்கினமே மாறக்கூடும். சாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சாதகத்தைப் பார்த்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னர், "பழைய நேரமா, புதிய நேரமா" என்று தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி வைத்தியசாலைக்கு வருகிறேன். இது நான் பெருமையோடு சொல்லும் கதை அல்ல.

பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருவது சாதாரணம். பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் பிறந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதை நாங்கள் சாதாரணமாக எடுப்பதில்லை, உடனே காரணம் தேடுவோம். இரத்தத்தில் பிலிருபின் எவ்வளவு இருந்தால் குழந்தையை நீல ஒளியின் கீழ் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. அதன் கீழ்க்கோட்டில் இருப்பது குழந்தையின் வயது, நாட்களில் அல்ல, மணித்தியாலங்களில். முதல் நாட்களில் வயது கூடக்கூட, பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவும் கூடும். ஆகவே குழந்தைக்கு இருப்பதைவிடக் கூடிய வயதைக் கணினி காட்டினால், ஆபத்தான அளவையும் "பரவாயில்லை" என்று காட்டிவிடும்.

ஒரு வைத்தியசாலையில் நாங்கள் புதிதாக ஏற்றிய மென்பொருளில் இதுதான் நடந்தது. குழந்தை பிறந்தது அதிகாலை 1 மணி. இரத்தம் எடுத்தது அன்றிரவு 11 மணி. உண்மையான வயது 22 மணித்தியாலம். திரையில் வந்தது இருபத்தேழரை. 24 மணித்தியாலத்துக்குள் என்றால் சிவப்பு எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லை.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தோம். பிறந்த நேரத்தை மென்பொருள் ஒழுங்காக உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, முதல் நாள் இரவு 7.30 என்று சேமித்தது. ஆய்வுகூட இயந்திரமோ "23.00" என்று மட்டும் அனுப்பியது, எந்த ஊர் நேரம் என்று சொல்லவில்லை. மென்பொருள் அதை ஏற்கெனவே மாற்றிய நேரம் என்று எடுத்துக்கொண்டது. ஒன்று மாறியது, மற்றது மாறவில்லை. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம், அதாவது இலங்கைக்கும் கிறீன்விச்சுக்கும் இடையிலுள்ள தூரம். இப்போதெல்லாம் ஒரு பிழை ஐந்தரை மணித்தியாலமாக வந்தால் அது எங்கே பிறந்தது என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

அன்று அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது மென்பொருள் அல்ல, நானும் அல்ல. இரவுக் கடமையில் இருந்த ஒரு மூத்த தாதி. திரையைப் பார்த்துவிட்டு, "டொக்டர், நேற்று இரவு நான் கடமைக்கு வந்தபிறகுதான் இந்தப் பிள்ளை பிறந்தது. இன்னும் ஒரு நாள் ஆகவில்லையே" என்றார். விரல் விட்டு எண்ணினோம். உடனே குழந்தையை ஒளியின் கீழ் வைத்து, குழந்தை வைத்தியருக்கு அறிவித்தோம். பிள்ளை நலமாக வீட்டுக்குப் போனது. அந்த மென்பொருளைப் பரிசோதித்துச் சரி என்று கையெழுத்து வைத்த வைத்தியர் நான். நான் பரிசோதித்தபோது கொடுத்த நேரங்கள் எல்லாவற்றையும் கையால்தான் தட்டியிருந்தேன், இயந்திரத்திலிருந்து வந்த ஒன்றையும் சோதிக்கவில்லை. துறையில் அப்பா கேட்க மறந்த அதே கேள்வியை நானும் கேட்கவில்லை.

இன்னொரு வகைப் பிழை, மாற்றவே கூடாத ஒன்றை மாற்றுவது. பிறந்த நாள் என்பது ஒரு நாள். அதற்கு மணி இல்லை. ஆனால் பல மென்பொருள்கள் அதோடு நள்ளிரவு 12 மணியை ஒட்டிவிடும். மார்ச் 14 என்று பதிந்தால், "மார்ச் 14, நள்ளிரவு, இலங்கை நேரம்" என்று ஆகும். உலகப் பொது நேரத்தில் அது மார்ச் 13, மாலை 6.30. அந்த நேரத்தில் ஓடும் இன்னொரு கணினி அதைத் திறந்து, மணியை வெட்டிவிட்டுத் திகதியை மட்டும் அச்சிட்டால், பிள்ளை ஒரு நாள் முன்னால் பிறந்துவிடும். கிளினிக் கொப்பியில் ஒரு திகதி, திரையில் ஒரு திகதி. இரண்டும் பொருந்தாத ஒரு தாய், தன் பிள்ளையின் பதிவைத் தேடி அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாடுகளில் இருக்கும் உங்களுக்கு இது வேறு விதமாக வரும். அப்பா 2019 ஜூலையில் ஒரு வியாழன் விடியற்காலை 3 மணிக்குக் கிரானில் கண்மூடினார். ரொறன்ரோவில் தங்கைக்கு அப்போது புதன் மாலை 5.30. அவள் நாட்குறிப்பில் புதன் என்று எழுதினாள். நான் வியாழன் என்று எழுதினேன். அடுத்த வருடம் இதில் எங்களுக்குள் ஒரு சின்ன மனத்தாங்கலே வந்தது. கணம் ஒன்று, திகதி இரண்டு, இரண்டும் பிழையில்லை. அப்பாவின் நாள் அப்பா இருந்த ஊரின் நாள் என்று கடைசியில் இருவரும் ஏற்றுக்கொண்டோம். திவசத்தைத் திதி பார்த்துக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஊர்ப் பஞ்சாங்கத்தில் திதி இரவு 8 மணி வரை என்று இருந்தால், கோடையில் ரொறன்ரோவில் அது அன்று காலை 10.30க்கே முடிந்துவிடும்.

கிளைச் சங்கங்கள் சேர்ந்து கூட்டம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டுக் கடிகாரம் இப்போது அசைவதில்லை, உங்களுடையது அசைகிறது. லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிரில் ஐந்தரை. ரொறன்ரோவுக்கு ஒன்பதரை, பத்தரை. மெல்பேர்ண் நமக்கு முன்னால், அவர்களின் குளிரில் நாலரை, கோடையில் ஐந்தரை. அதோடு எல்லோரும் ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் போன மாதக் கணக்கு சரிவராது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றால், செய்ய வேண்டியது மிகச் சிலதுதான். மென்பொருள் எழுதப் போகும் தங்கைமார் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்து முடிந்த ஒன்றை, பிறப்பு, இரத்தம் எடுத்தது, மருந்து கொடுத்தது போன்றவற்றைக் கணமாகச் சேமியுங்கள். கூடவே எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியது என்பதையும் சேமியுங்கள். வேறு இயந்திரத்திலிருந்து நேரம் வந்தால், அது எந்த ஊர் நேரம் என்று உறுதியாகத் தெரியாமல் உள்ளே விடாதீர்கள்.

இனி நடக்கப் போகும் ஒன்றை, அடுத்த கிளினிக், அடுத்த கூட்டம் போன்றவற்றை ஊர் நேரமாகவும் ஊர்ப் பெயராகவும் வையுங்கள். முன்கூட்டியே உலகப் பொது நேரத்துக்கு மாற்றி வைத்தால், இடையில் ஓர் அரசாங்கம் கடிகாரத்தை மாற்றும்போது எல்லாம் பிழைத்துப் போகும். நம் நாட்டில் அது பத்து வருடத்துக்குள் மூன்று முறை நடந்தது.

பிறந்த நாளை நாளாகவே விடுங்கள். மணி ஒட்டாதீர்கள்.

திகதியை எழுதும்போது மாதத்தை எழுத்தால் எழுதுங்கள், அல்லது வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

தெரியாததைத் தெரியாது என்று பதிய இடம் விடுங்கள். பிறந்த வருடம் மட்டும் தெரிந்த வயதானவர்களுக்கு ஜனவரி 1 என்று நிரப்பிவிடுகிறோம். பிறகு அதை உண்மை என்று நாமே நம்பத் தொடங்குகிறோம்.

முடிக்கும் முன் ஒரு நினைவு. நமக்குக் கீழ் வகுப்பில் தமிழ் டீச்சர் கடிதம் எழுதப் பழக்கினார். வலப்பக்க மேல் மூலையில் முதலில் இடம், அதன் கீழ் திகதி. "கிரான்" என்று எழுதாமல் திகதியை மட்டும் எழுதியதற்காக அரை மதிப்பெண் குறைத்தார். எனக்குக் கோபம். "டீச்சர், நான் எங்கே இருக்கிறேன் என்று வாசிக்கிறவருக்குத் தெரியும்தானே" என்று வாதாடினேன். "இன்றைக்கு வாசிக்கிறவருக்குத் தெரியும் பிள்ளை. இன்னும் முப்பது வருடத்தில் வாசிக்கிறவருக்கு?" என்றார்.

முப்பது வருடம் ஆகப் போகிறது, டீச்சர். அந்த அரை மதிப்பெண் நியாயமாகத்தான் குறைந்தது. அடுத்த கூட்டத்துக்கான அறிவித்தலை நானே எழுதி, குழுவில் போட்டிருக்கிறேன். இலங்கை, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று நான்கு ஊர் நேரமும் கிழமையும் அதில் இருக்கின்றன. ரொறன்ரோத் தோழி இந்த முறை என்னை விடிய எழுப்ப மாட்டாள் என்று நம்புகிறேன்.